உணவைக் கையாளும் முறையும் வயிற்று நோயும்: கணிப்பொறி காட்டும் கணக்கு

ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, எத்தனை மூட்டை உரம், எத்தனை நாளில் அறுவடை என்று எல்லாவற்றுக்கும் நாம் கணக்குப் போடுகிறோம். ஆனால் நம் வயலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் புறப்பட்ட பொருள் உண்பவரின் இலைக்குப் போய்ச் சேரும்வரை அதில் கிருமி எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கை நம்மில் பெரும்பாலோர் போட்டுப் பார்ப்பதில்லை. இக்கணக்கைக் கணிப்பொறியின் துணைகொண்டு போடும் முறை இன்று நன்கு வளர்ந்துள்ளது. அதன் அடிப்படையை அறிந்துகொண்டால், வீட்டிலேயே பேனாவும் காகிதமும் கொண்டு பாதிக் கணக்கை நாமே போட்டுவிடலாம்.

இக்கணக்கு ஏன் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அசுத்தமான உணவால் உலகில் ஆண்டொன்றுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகின்றனர். 4,20,000 பேர் இறக்கின்றனர். இறப்பவர்களில் 1,25,000 பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் மட்டும் ஆண்டுக்கு 15 கோடிப் பேர் நோயுறுவதாகவும், 1,75,000 பேர் இறப்பதாகவும் அதே மதிப்பீடு கூறுகிறது.

இது எங்கோ நடப்பது அன்று. 2009 முதல் 2014 வரை 8 நாடுகளில் குழந்தைகளின் வயிற்று நோயையும் வளர்ச்சியையும் பற்றி 'மால்-எட்' என்னும் பெரிய ஆய்வு நடைபெற்றது. அந்த 8 இடங்களுள் ஒன்று வேலூர். ஆய்வை இங்கு நடத்தியது கிறித்துவ மருத்துவக் கல்லூரி. குழந்தை பிறந்தது முதல் வீட்டிற்கே சென்று கவனித்து, மலத்தைச் சோதித்து, எடையும் உயரமும் அளந்தனர். கோழிகளின் குடலில் சாதாரணமாக வாழும் கேம்பைலோபேக்டர் என்னும் கிருமி, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று இந்த 8 நாட்டு ஆய்வில் தெரிந்தது. வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைகளின் மலத்திலும் அக்கிருமி காணப்பட்டது. அடிக்கடி அது தொற்றிய குழந்தைகள் உயரத்தில் பின்தங்கினர். ஆகவே, 'குழந்தைக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று நாம் நினைக்கும் வேளையிலும் இழப்பு நேரிடக்கூடும்.

கணிப்பொறி என்ன செய்கிறது?

கணிப்பொறிக்குக் கிருமியைக் கண்டுபிடிக்கத் தெரியாது. நாம் அளந்து கொடுக்கும் எண்களைக் கூட்டிப் பெருக்கி, 'இப்படிக் கையாண்டால் 1,000 பேரில் இத்தனை பேருக்கு நோய் வரலாம்' என்று சொல்லும். அவ்வளவே. இக்கணக்கை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999-இல் வழிமுறை வகுத்தது. அது நான்கு கேள்விகளாக அமையும்.

1. எந்தக் கிருமி? அதனால் என்ன நோய்?
2. உண்ணும் வேளையில் உணவில் எத்தனை கிருமிகள் இருக்கும்?
3. அத்தனை கிருமிகளை விழுங்கினால் நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு?
4. மொத்தத்தில் எத்தனை பேர் நோயுறுவர்? எதை மாற்றினால் அத்தொகை குறையும்?

இவற்றுள் இரண்டாம் கேள்விதான் நம் கையில் உள்ளது. கறக்கும் கை, அறுக்கும் கத்தி, அள்ளும் கரண்டி, மூடி வைக்கும் அண்டா ஆகிய யாவும் அதில் அடங்கும். பெருக்கம், அழிவு, ஒட்டிப் பரவுதல் என மூன்று சிறு கணக்குகளால் ஆனது அது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்கணக்கு: பெருக்கம்

பாக்டீரியா ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஒரு முறை இரட்டிக்க ஆகும் நேரம் வெப்பநிலையைப் பொறுத்தது. 1982-ஆம் ஆண்டில் ராட்கோவ்ஸ்கி என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஓர் எளிய விதியைக் கண்டனர். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கீழ்வெப்பநிலை உண்டு; அதற்குக் கீழ் அது வளராது. உணவின் வெப்பநிலையிலிருந்து அந்த எண்ணைக் கழித்து, மீதியை அதே மீதியால் பெருக்கினால், வளர்ச்சி வேகம் அதற்கு ஒத்தபடி இருக்கும் என்பதே அவ்விதி.

விளக்கத்திற்காக, கீழ்வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் உள்ள ஒரு கிருமியை எடுத்துக்கொள்வோம். 35 டிகிரியில் அது 30 நிமிடத்திற்கொருமுறை இரட்டிப்பதாகக் கொள்வோம். 35-இல் 5 போக மீதி 30. முப்பது முப்பது 900. 15 டிகிரியில் மீதி 10, பத்துப்பத்து 100. 900-க்கு 100, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு வேகம். எனவே 15 டிகிரியில் இரட்டிக்க 30 நிமிடத்தைப் போல் 9 மடங்கு, அதாவது 270 நிமிடம் ஆகும். இவ்வாறு கணக்கிட்டு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 8 மணி நேரம் வைத்த உணவில் ஒரு கிருமி எத்தனையாகும் என்பதைக் கீழே தந்துள்ளோம்.

35 டிகிரி: இரட்டிக்க 30 நிமிடம், 8 மணி நேரத்தில் ஒன்று 65,536 ஆகும்.
25 டிகிரி: இரட்டிக்க 67 நிமிடம், ஒன்று ஏறக்குறைய 138 ஆகும்.
15 டிகிரி: இரட்டிக்க 270 நிமிடம், ஒன்று 3 அல்லது 4 ஆகும்.
10 டிகிரி: இரட்டிக்க 18 மணி நேரம், ஒன்று இரண்டாகக்கூட ஆகாது.

நேரம் ஒன்றுதான், கிருமியும் ஒன்றுதான். வெப்பநிலை 35-இலிருந்து 15-க்கு இறங்கியதும் விளைவு எப்படி மாறிவிட்டது என்று பாருங்கள். சித்திரை வைகாசியில் வேலூர்ப் பகுதியின் வெக்கை நமக்குத் தெரியும். அக்காலத்தில் இரவில் அடுக்களையில் வைத்த குழம்பு இந்த அட்டவணையின் முதல் வரிக்கு அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பாலுக்கும் இதே கணக்குத்தான். மடியிலிருந்து இறங்கும் பால் உடல் சூட்டில் இருக்கும். கறந்த பாலில் இயற்கையாகவே கிருமியைச் சிறிது நேரம் தடுக்கும் ஆற்றல் உண்டு. கணிப்பொறி மாதிரியில் இதைத் 'தயக்க நேரம்' என்று சேர்ப்பார்கள். அந்தத் தயக்கம் தீருமுன் பால் சேகரிப்பு நிலையத்தின் குளிர்தொட்டியை அடைந்து 4 டிகிரிக்கு இறங்கிவிட்டால் பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். வழியில் வெயிலில் கேன் நின்றுவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். மேலும், கேனைக் கழுவாமல் விட்டால் தொடக்கத் தொகையே பெரிதாகிவிடும். 10 கிருமியில் தொடங்குவதும் 10,000 கிருமியில் தொடங்குவதும் ஒன்றாகா.

உணவின் புளிப்பும், உப்பும், ஈரமும் இக்கணக்கில் சேரும். தயிர் பாலைவிட நாள்பட நிற்பதும், ஊறுகாய் ஆண்டு முழுவதும் நிற்பதும், கருவாடு கெடாமல் இருப்பதும் இவற்றால்தான். 2003-ஆம் ஆண்டு முதல் 'காம்பேஸ்' என்னும் பெயரில் ஆயிரக்கணக்கான வளர்ச்சி அளவுகள் தொகுக்கப்பட்டு, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் கணிப்பொறியில் வைக்கப்பட்டுள்ளன. உணவின் வெப்பநிலை, புளிப்பு, உப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் வளர்ச்சிக் கோட்டை அது வரைந்து காட்டும்.

இரண்டாம் கணக்கு: அழிவு

வெப்பத்தால் கிருமி சாவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட சூட்டில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சாகும். ஒரு பங்கு மிஞ்சும். மீண்டும் அதே நேரம் சென்றால் மிஞ்சியதிலும் பத்தில் ஒன்பது சாகும். இதை இக்கட்டுரையில் 'ஒரு படி இறக்கம்' என்போம். ஒரு லட்சம் கிருமி ஒரு படி இறங்கினால் 10,000. இரண்டு படி இறங்கினால் 1,000. ஐந்து படி இறங்கினால் ஒன்று.

சூடு ஏறஏற ஒரு படி இறங்கும் நேரம் மளமளவென்று குறையும். விளக்கத்திற்கு ஒரு கிருமி 60 டிகிரியில் ஒரு படி இறங்க 5 நிமிடம் எடுப்பதாகவும், 6 டிகிரி ஏறுந்தோறும் அந்நேரம் பத்தில் ஒன்றாவதாகவும் கொள்வோம். 66 டிகிரியில் 30 விநாடி. 72 டிகிரியில் 3 விநாடி. பால் பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி காய்ச்சுவதன் பொருள் இப்போது விளங்கும். நம் உதாரணக் கிருமிக்கு அது 5 படி இறக்கம். வீட்டுச் சமையலில் உணவின் நடுப்பகுதி 70 டிகிரியை எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இதனால்தான். கோழித் துண்டின் மேற்புறம் கொதிக்கலாம். எலும்பை ஒட்டிய சதை சிவப்பாக இருந்தால் கணக்கு அங்கே பொய்த்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. எல்லாக் கிருமியும் இப்படிச் சாவதில்லை. சில கிருமிகள் விதையுறை போன்ற கடினமான உறைக்குள் ஒடுங்கிக் கொதிநிலையையும் தாங்கும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ், இறைச்சியில் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் ஆகிய இரண்டும் அவ்வகை. அரிசியும் இறைச்சியும் சேரும் நம் ஆம்பூர் பிரியாணியை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஒரு பிரியாணி அண்டாவின் கணக்கு

தம் கட்டி இறக்கிய பிரியாணி, அண்டாவில் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்து, சுடச்சுடப் பரிமாறப்படும்வரை கிருமி பெருகாது. பந்தி முடிந்து மிஞ்சியதை அண்டாவிலேயே மூடி வைத்துவிட்டால் ஆபத்துத் தொடங்குகிறது. பெரிய அண்டாவின் ஓரம் ஆறினாலும் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். இறைச்சியில் உறைக்குள் பிழைத்திருந்த கிருமிக்கு 43 முதல் 45 டிகிரி வரையிலான சூடு மிகவும் ஏற்றது. நல்ல நிலையில் அது 10 நிமிடத்திலேயே இரட்டிக்க வல்லது.

நாம் குறைத்தே கணக்கிடுவோம். ஒரு கிராமில் 10 கிருமி. முதல் ஒரு மணி நேரம் தயக்கம். பிறகு 20 நிமிடத்திற்கொருமுறை இரட்டிப்பு. மேலும் 6 மணி நேரத்தில் 18 முறை இரட்டிக்கும். 10 கிருமி 26 லட்சத்துக்கு மேலாகும். கிராமுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் இக்கிருமி வயிற்றுவலியையும் பேதியையும் உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவ அறிவு.

அதே பிரியாணியை இறக்கிய சூட்டோடு அகலத் தட்டுகளில் இரண்டங்குல உயரத்துக்குப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால்? ஒரு மணி நேரம் தயக்கத்தில் போகும். மீதி ஒரு மணி நேரத்தில் 3 முறை இரட்டிப்பு. 10 கிருமி 80 ஆகும். அரிசியும் அதே, ஆடும் அதே, சமையற்காரரும் அவரே. அண்டாவுக்குப் பதில் தட்டு என்னும் ஒரு மாற்றம் 26 லட்சத்தை 80 ஆக்கியது. கையாளும் முறையின் விலை இதுதான்.

'காலையில் நன்றாகச் சூடு காட்டினால் போதாதா?' என்று கேட்கலாம். நன்கு கொதிக்க வைத்தால் உறையிலிருந்து வெளிவந்து பெருகிய இறைச்சிக் கிருமி சாகும். ஆனால் சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் வகைகளுள் சில, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே விட்டுச் செல்லும். அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆகவே சூடு காட்டுவது ஆற்றி வைப்பதற்கு ஈடாகாது.

மூன்றாம் கணக்கு: ஒட்டிப் பரவுதல்

பச்சைக் கோழியை வெட்டிய பலகையிலேயே வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் நறுக்குகிறோம். கோழி அடுப்புக்குப் போகிறது. அதிலுள்ள கிருமி சாகிறது. வெங்காயமோ தயிரில் கலந்து பச்சையாகவே இலைக்கு வருகிறது. கோழியில் இருந்த கிருமியில் நூற்றில் ஒரு பங்கு பலகை வழியே வெங்காயத்துக்கு ஏறினாலும், அதை அழிக்க அடுப்பு இல்லை. ஒரு பந்தியில் சூடான பிரியாணியைவிடப் பக்கத்தில் வைத்த தயிர்ப்பச்சடி அதிக ஆபத்தாவது இவ்வாறுதான்.

டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் கோழி இறைச்சியையும் கேம்பைலோபேக்டர் கிருமியையும் பற்றி 2003-இல் வெளியிட்ட கணிப்பொறி மாதிரி இத்துறையில் பெயர் பெற்றது. உரித்த கோழியின் மேலுள்ள கிருமியை 2 படி குறைத்தால் நோயாளிகளின் தொகை முப்பதில் ஒன்றாகும் என்று அது கணித்தது. இதே பலனைப் பெறக் கிருமியுள்ள கோழிக்கூட்டங்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய 30 மடங்கு குறைக்க வேண்டும்; அல்லது சமையலறைச் சுத்தத்தை ஏறக்குறைய 30 மடங்கு உயர்த்த வேண்டும். ஊரிலுள்ள ஒவ்வொரு சமையலறையையும் 30 மடங்கு சுத்தமாக்குவது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே கை வைத்தால் குறைந்த முயற்சியில் நிறைந்த பலன் கிடைக்கும் என்று காட்டுவதே இத்தகைய மாதிரிகளின் பெரும் பயன்.

வயிற்றுக்குள் நடப்பது

'இத்தனை கிருமிக்குக் கீழே போனால் பயமில்லை' என்று ஒரு கோடு கிழிக்க முடியுமா? உயிருள்ள கிருமிகளுக்கு அப்படிக் கிழிப்பதில்லை. நாற்றங்காலை எண்ணிப் பாருங்கள். ஒரு விதை முளைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும், மூட்டை மூட்டையாகத் தெளித்தால் ஒன்றாவது முளைத்தே தீரும். கிருமியும் அப்படியே. ஒரு கிருமி குடலில் வேரூன்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று உதாரணமாகக் கொண்டால், 10 கிருமி விழுங்கிய 100 பேரில் ஒருவருக்குத் தொற்றும்; 100 கிருமி விழுங்கினால் 9 அல்லது 10 பேருக்கு; 1,000 விழுங்கினால் 63 பேருக்கு; 5,000 விழுங்கினால் ஏறக்குறைய எல்லோருக்கும். சிறு குழந்தை, முதியவர், கர்ப்பிணி, நோயில் மெலிந்தவர் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் கூடும்.

கணிப்பொறி உருட்டும் தாயக்கட்டை

எல்லா வீட்டிலும் அடுப்பு ஒரே மாதிரி எரிவதில்லை. ஒருவர் 2 மணி நேரத்தில் உண்கிறார். இன்னொருவர் 9 மணி நேரம் கழித்து உண்கிறார். ஒரு கோழியில் கிருமி இல்லை, மற்றொன்றில் நிறைய. சராசரியை மட்டும் எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே கணிப்பொறி தாயக்கட்டை உருட்டுவது போல ஒவ்வொரு எண்ணையும் அதன் எல்லைக்குள் உருட்டி எடுத்து, ஒரு கற்பனைச் சாப்பாட்டைக் கணக்கிடும். பிறகு மீண்டும் உருட்டும். இப்படி ஒரு லட்சம் சாப்பாடுகளைச் சில விநாடிகளில் 'சமைத்து', எத்தனை சாப்பாட்டில் நோய் வந்தது என்று எண்ணும். இதற்கு 'மான்டி கார்லோ முறை' என்று பெயர். பெரும்பாலான நோய், ஒரு சிறு பகுதிச் சாப்பாடுகளிலிருந்தே வருகிறது என்பதை இம்முறை பலமுறை காட்டியுள்ளது. பத்து நாள் பாதுகாப்பாக உண்டதால் பதினோராம் நாளும் அப்படியே என்று கொள்ள இயலாது.

வேலூரில் செய்த கணக்கு

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் 'சானிபாத்' என்னும் மதிப்பீட்டு முறையை உருவாக்கியது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் துணையுடன் வேலூர் நகரிலும் அது பயன்படுத்தப்பட்டது. திறந்த சாக்கடை, குடிநீர், பொதுக் கழிப்பிடம், பச்சையாக உண்ணும் காய்கறி போன்றவற்றிலிருந்து மாதிரிகள் எடுத்து, மலக்கலப்பைக் காட்டும் ஈ. கோலை கிருமியை எண்ணுவார்கள். அத்துடன் 'மாதத்தில் எத்தனை முறை இதைத் தொடுகிறீர்கள், எத்தனை முறை உண்கிறீர்கள்' என்று மக்களையும், பள்ளிப் பிள்ளைகளையும் கேட்பார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துக் கணிப்பொறி கணக்கிடும்.

சாக்கடையில்தான் கிருமி மிகுதி. ஆகவே ஆபத்தும் அங்கேதான் மிகுதி என்று நினைப்போம். ஆனால் சாக்கடை நீரை ஒருவர் விழுங்குவது அரிது. பச்சைக் காயை அடிக்கடி உண்கிறார். இதே முறையில் கானா நாட்டின் அக்ரா நகரக் குழந்தைகளுக்குச் செய்த கணக்கு 2017-இல் வெளியானது. அங்கு மலக்கிருமி வாய்க்குள் செல்லும் வழிகளில் உணவே முதலிடம் பெற்றது. அழுக்கின் அளவை மட்டும் பார்க்காமல், அது வாய்க்குச் செல்லும் தடவையையும் சேர்த்துப் பெருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

கீரை, கொத்தமல்லி பயிரிடுவோர் கவனத்திற்கு

நகரை ஒட்டிய பகுதிகளில் கழிவுநீர் கலந்த நீரைப் பாய்ச்சிக் கீரை பயிரிடுவது உண்டு. இதற்கெனக் கணிப்பொறி மாதிரிகளின் துணையால் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வழிகாட்டி வெளியிட்டது. பச்சையாக உண்ணும் பயிருக்குக் கழிவுநீரைப் பயன்படுத்தினால், வயல் முதல் வாய் வரை மொத்தம் 6 முதல் 7 படி இறக்கம் வேண்டும் என்பது அதன் கணக்கு. இந்த இறக்கத்தை எப்படிப் பெறுவது என்பதையும் அது சொல்கிறது.

1. அறுவடைக்கு முன் பாசனத்தை நிறுத்தினால், நிறுத்திய ஒவ்வொரு நாளும் அரை முதல் 2 படி. வெயிலும் காய்ச்சலும் உள்ள நாளில் கூடுதல்.
2. தாழ்ந்து வளரும் பயிருக்குச் சொட்டுநீர்ப் பாசனம்: 2 படி. உயர்ந்து வளரும் பயிருக்கு: 4 படி.
3. நல்ல நீரில் கழுவுதல்: 1 படி.
4. தோல் உரித்தல்: 2 படி.
5. சமைத்தல்: 6 முதல் 7 படி.

சமைத்து உண்ணும் முளைக்கீரைக்கு அடுப்பே பெரும் காவல். கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, வெங்காயத்தாள் ஆகியவற்றுக்கு அக்காவல் இல்லை. சொட்டுநீரால் 2, இரண்டு நாள் பாசனம் நிறுத்தியதால் 2, கழுவியதால் 1 என்று கூட்டினால் 5 படிதான் வருகிறது. இன்னும் குறை உள்ளது. அந்தக் குறையை நிரப்ப நீரைக் குட்டையில் பல நாள் தேக்கித் தெளியவிட்டோ, கிணற்று நீருக்கு மாறியோ ஈடுசெய்ய வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, சந்தையில் கட்டு வாடாமல் இருக்கக் கால்வாய் நீரை அள்ளித் தெளித்தால், ஏறிய படியெல்லாம் ஒரே கைத்தெளிப்பில் வீணாகும்.

இக்கணக்குக்குள் அடங்காதவை

மேற்சொன்ன கணக்குகள் யாவும் உயிருள்ள கிருமிக்கே பொருந்தும். தோல் பதனிடும் தொழில் நிறைந்த வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதி உழவர்கள் இதை மறக்கக் கூடாது. தோல் கழிவிலிருந்து வரும் குரோமியமும் உப்பும் கொதித்தால் போகா. நாள்பட வைத்தால் குறையா. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. இத்தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் சாகுபடிக்குப் பகுதியாகவோ முழுவதுமாகவோ தகுதியிழந்ததாக அது கூறியது. ஆகவே தோல் கழிவு கலந்ததாக ஐயமுள்ள கிணற்று நீரையும் மண்ணையும் தனியே பரிசோதிக்க வேண்டும். 'காய்ச்சிவிட்டேன், பயமில்லை' என்பது இங்கு செல்லாது.

மேலும், நாம் கொடுக்கும் எண் தவறானால் கணிப்பொறி தரும் விடையும் தவறாகும். குளிர் நாட்டுச் சமையலறையில் அளந்த எண்ணை நம் ஊர் வெக்கைக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்குள்ள சூட்டையும், இங்குள்ள பாத்திரத்தையும், இங்குள்ள பழக்கத்தையும் அளந்து போட்ட கணக்கே நமக்குப் பயன்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைக்கவும். கேனைச் சுடுநீரில் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்கவும். பாலைத் தாமதமின்றிச் சேகரிப்பு நிலையத்தில் சேர்க்கவும். வழியில் கேன்மீது ஈரச்சாக்குப் போர்த்தவும்.

2. பச்சை இறைச்சிக்கு ஒரு பலகையும் கத்தியும், காய்கறிக்கு வேறு பலகையும் கத்தியும் வைக்கவும். இரண்டு இல்லையெனில் முதலில் காயை நறுக்கி எடுத்துவைத்துவிட்டுப் பின்னர் இறைச்சியை வெட்டவும்.

3. கோழியை எலும்போரச் சதையும் வெந்து நிறம் மாறும்வரை சமைக்கவும்.

4. சமைத்த உணவைச் சூடாக 60 டிகிரிக்கு மேல் வைக்கவும். இயலாவிடில் 2 மணி நேரத்துக்குள் உண்டு முடிக்கவும் அல்லது 5 டிகிரிக்குக் கீழ்க் குளிர்விக்கவும். இவ்விரண்டு எல்லைக்கும் இடைப்பட்ட சூடே கிருமிக்கு உகந்த சூடு.

5. மிஞ்சிய சோறு, பிரியாணி, குழம்பு ஆகியவற்றை ஆழமான பாத்திரத்தில் விடாமல் அகலத் தட்டில் பரப்பி ஆற்றவும். கல்யாணப் பந்திகளில் சமையற்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.

6. பச்சையாக உண்ணும் காய்களையும் தழைகளையும் நல்ல நீரில் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துக் கழுவவும். சந்தையில் தெளிக்கக் குடிநீரையே பயன்படுத்தவும்.

7. கோழிகளை இரவில் தனிக் கூண்டில் அடைக்கவும். தவழும் குழந்தை விளையாடும் திண்ணையிலும் அடுக்களையிலும் கோழி எச்சம் விழாமல் பார்த்துக்கொள்ளவும். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்கு ஊட்ட வேண்டாம்.

8. வாந்தி, பேதி கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கவும். தாய்ப்பாலை நிறுத்தாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும்.

சமையல் வெப்பமானி ஒன்றை மகளிர் குழுவினர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் மூடி வைத்த பாத்திரத்தின் நடுவில் இரண்டு மணிக்கொருமுறை சூட்டை அளந்து எழுதுங்கள். மேலே தந்த அட்டவணையோடு ஒப்பிட்டால், உங்கள் வீட்டுக் குழம்பின் கணக்கு உங்கள் கையெழுத்திலேயே கிடைக்கும். பாசன நீர், மண் பரிசோதனை பற்றிய ஐயங்களுக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கணக்கு அறிந்து கையாண்டால், நம் வயலில் விளைந்ததும் நம் தொழுவத்தில் கறந்ததும் உண்பவருக்கு நோய் தராமல் உரம் தரும்.